குழாய் மன்னிப்புக் கேட்காது

"மன்னிப்பா? நானா? நான் எதுக்குக் கேக்கணும்?"

பெயிண்டரம்மா தன் வீட்டு மேசையில் ஓங்கித் தட்டினாள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற கை. விரலிடுக்கில் மஞ்சள் பெயிண்ட் காய்ந்திருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த தராசு அசையவில்லை. தராசு என்பது அவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர். கடைத் தராசுகளைச் சோதிக்கிற உத்தியோகத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர். எந்தத் தட்டைக் கண்டாலும் அடியில் எவனோ மெழுகு ஒட்டி வைத்திருப்பான் என்று குனிந்து பார்க்கிற புத்தி, உத்தியோகம் முடிந்த பிறகும் அவரை விட்டுப் போகவில்லை. அந்தப் புத்தியையே பிழைப்பாக்கி, துப்பறிகிறேன் என்று வாசலில் பலகை மாட்டிவிட்டார். அந்தப் பலகையை எழுதிக் கொடுத்தவளும் இதே பெயிண்டரம்மாதான். அதற்காக அவளை நம்பிவிட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

"நடந்ததை மொதல்லேர்ந்து சொல்லும்மா. கோவத்தைக் கடைசியில வச்சுக்கலாம்."

"கோவத்தை எடுத்துட்டா அக்காகிட்ட மிச்சம் என்ன இருக்கும் அத்தான்?" என்றான் பக்கத்திலிருந்த மைத்துனன். தராசின் மனைவிக்குத் தம்பி. வேலை தேடுகிறேன் என்று வந்து தங்கியவன், எவனும் வேலை கொடுக்காததால் உதவியாளன் ஆனான். அவன் வாய்க்கு மட்டும் விடுமுறை கிடையாது.

அதற்குள் உள்ளேயிருந்து பெயிண்டரம்மாவின் மாமியார் டீ கொண்டுவந்தாள். மேசையில் வட்டக் கறை படிந்தால் அந்த அம்மாளுக்குத் தூக்கம் வராது. கிளாஸை வைப்பதற்கு முன் அடியில் ஏதாவது ஒன்றைச் சொருகிவிடுவாள். தராசுக்கு ஒரு பழைய காலண்டர் அட்டை. மைத்துனனுக்கு ஒரு கறுப்பு வட்ட அட்டை.

மைத்துனன் கிளாஸைத் தொட்டான். ஆடியது. விட்டான். அப்போதும் ஆடியது.

"பாத்தீங்களா, கிளாஸுக்கே அக்காவைக் கண்டா நடுக்கம்."

"வாயை மூடிட்டுக் குடி மாப்ளே," என்றார் தராசு.

பெயிண்டரம்மா சொன்னாள். ஏரிக்கரையில் பழைய பம்ப் ஹவுஸ் இருக்கிறது. அதன் மொட்டை மாடியில் வானம் பார்க்கிற சங்கம் கூடும். சங்கத்துக்குப் பெரிய டெலஸ்கோப் ஒன்று செய்ய வேண்டும் என்று முடிவானது. அதற்கு உயிர் அடியில் இருக்கிற பெரிய கண்ணாடி. அதை மூன்று வருடம் கையாலேயே தேய்த்துக் குழி எடுத்துச் சங்கத்துக்குக் கொடுத்தவள் பெயிண்டரம்மா. உயிர் ரெடி. உடம்புதான் தகராறு.

"நான் சொன்னது மூடின குழாய். கொத்தனாருங்க வட்டத் தூண் போட வச்சிருப்பாங்களே, தடிமனான காகிதக் குழாய், அது. உள்ளேயும் வெளியேயும் ஒன்பது தடவை வார்னிஷ் அடிச்சேன். உள்ளே அதுக்கு மேல கறுப்பு. சங்கத்துல இன்னொருத்தர் இருக்கார், பாலம் கட்டின பாலத்துக்காரர், அவர் சொன்னது கம்பிக் கூடு. அடியில ஒரு பெட்டி, மேல ஒரு வளையம், நடுவுல எட்டுக் கம்பி. அவ்வளவுதான், சுத்திலும் ஒண்ணுமே கிடையாது. எலும்புக்கூடு!"

"ஏரிக்கரைப் பனியில அம்மணமா நிக்கிற டெலஸ்கோப்," என்றான் மைத்துனன்.

"அதைத்தான் நானும் சொன்னேன்! இங்க பொழுது சாஞ்சா போதும், பனி கொட்டும். திறந்த கண்ணாடி நிமிஷத்துல மூடிக்கும். மூடின குழாய்னா அதுவே கண்ணாடிக்குக் குடை. சரி, ரெண்டையும் வச்சுப் பாத்துடலாம்னாங்க. மொதல்ல என்னோட குழாய். முதல் ராத்திரி பிரமாதம். சனியும் வளையமும் ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. ரெண்டாம் நாள் காலையில போய்ப் பாக்கறேன், குழாய் இடுப்பொடிஞ்சு கிடக்கு. கண்ணாடி சரிஞ்சு ஓரத்துல சில்லு போயிருக்கு."

அவள் குரல் அந்த இடத்தில் மட்டும் இறங்கியது. உடனே ஏறிக்கொண்டது.

"இன்னிக்குச் சாயங்காலம் கூட்டம். தலைவர் பல் டாக்டர் என்ன சொல்றார் தெரியுமா? எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு, ஈரமான இடத்துல காகிதத்தை வச்சது என் முட்டாள்தனம், மன்னிச்சுடுங்கன்னு சொல்லணுமாம். சொன்னா சங்கத்துல இருக்கலாம். சொல்லாட்டி வெளியே. எப்படியும் கண்ணாடி கூட்டுக்குள்ள போயிடும். நான் தேய்ச்ச கண்ணாடி! அது தானா விழலைங்க ஐயா. எவனோ கை வச்சிருக்கான்."

"எவன்?"

"பாலத்துக்காரர். வேற யாரு?"

மூலையில் ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவள் புருஷன். ரிப்பேர்காரர். இவர்கள் வந்ததிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. இப்போது திருப்புளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒரு வார்த்தைதானே... சொல்லிட்டுப் போயிடேன்."

"நீங்க சும்மா இருங்க! உங்க பொண்டாட்டியை ஊரே முட்டாள்ங்குது, உங்களுக்கு ரோஷம் வரலையா?"

ரிப்பேர்காரர் மறுபடி கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

*

பம்ப் ஹவுஸ் மாடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது குழாய். ஆள் உயரத்துக்கு மேல் நீளம். தராசு பாயை விலக்கினார்.

"கல்யாண வீட்டுல மூணு பந்தி சாப்பிட்டவன் மாதிரி சாஞ்சு கிடக்கு," என்றான் மைத்துனன்.

தராசு மண்டி போட்டு உட்கார்ந்தார். பூதக்கண்ணாடி, பொடி, பிரஷ் எதுவும் அவரிடம் கிடையாது. அதையெல்லாம் வைத்திருப்பவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள், குற்றத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. விரலை மடக்கிக் குழாயின் அடி விளிம்பைத் தட்டினார். டொக் டொக். கட்டை மாதிரி இருந்தது. எழுந்து போய் மேல் விளிம்பைத் தட்டினார். டொக் டொக். அதுவும் கட்டை. திரும்பி வந்து அடியிலிருந்து ஒரு முழம் மேலே, கண்ணாடி உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சற்று மேல் தட்டினார். சத்தமே வரவில்லை. விரல் உள்ளே போனது.

"தரையில இருந்து தண்ணி ஏறியிருந்தா எங்க ஊறணும்?"

"அடியில," என்றாள் பெயிண்டரம்மா.

"மேலேர்ந்து இறங்கியிருந்தா?"

"மேல் வாயில."

"ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. இது இடுப்புல ஊறியிருக்கு."

"இடுப்புல ஈரம்னா அது கைக்குழந்தைக் கேஸு அத்தான்."

தராசு இன்னும் குனிந்தார். கூழாகிப் போயிருந்த கிழிசலை மெதுவாக விரித்தார். ஒரு பக்கம் பிசிறு பிசிறாகக் கிழிந்திருந்தது. மறு பக்கம் அப்படி இல்லை. ஊதிப்போய், கறுத்து, ஆனாலும் பிறை நிலா மாதிரி ஒரு வளைவு.

"காகிதம் கிழிஞ்சா வட்டமாவா கிழியும்?"

பெயிண்டரம்மா குனிந்து பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. "ஓட்டை! என் குழாய்ல ஓட்டை! நான் சொன்னேன்ல! வார்னிஷ் இல்லாத ஓரம் பஞ்சு மாதிரி ஈரத்தைக் குடிச்சிருக்கு. பாவி, வேணும்னே..."

"கை வச்சது தெரியுது. யார் கைன்னு தெரியலை." தராசு சட்டைப் பையிலிருந்து பழைய பேப்பர் துண்டை எடுத்து, பிறையின் மேல் அழுத்தி, அந்த வளைவுக்கு ஏற்றபடி கிழித்துக்கொண்டார். "உன் கையாவும் இருக்கலாம்."

"என்னது?"

"தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும், எவனோ கெடுத்துட்டான்னு சொல்லிக்கத் தன் சரக்கைத் தானே உடைச்சவங்களைப் பாத்திருக்கேன்."

மைத்துனன் இரண்டடி பின்வாங்கினான். அடி விழுந்தால் அத்தானோடு போகட்டும் என்ற நல்லெண்ணம்.

பெயிண்டரம்மா கை ஓங்கவில்லை. தராசின் கண்ணை நேராகப் பார்த்தாள். "சந்தேகப்படுங்க. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். என் பக்கம் பேசறதுக்கு ஆள் வேணும்னா வக்கீலைக் கூப்பிட்டிருப்பேன். எல்லா வீட்டையும் தேடுங்க. என் வீட்டையும் சேத்துத் தேடுங்க."

தராசுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பிடித்ததாலேயே அதையும் அவர் நம்பவில்லை.

*

பாலத்துக்காரர் ஆற்றுக்கு ஆறு பாலம் கட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. உள்ளே அவருடைய கம்பிக் கூடு பளபளவென்று நின்றது. ஒவ்வொரு திருகாக இறுக்கிக்கொண்டிருந்தவர், தராசைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

"குழாயைக் கெடுத்தது நான்னு சொல்ல வந்திருக்கீங்க."

"அதுல எவனோ ஓட்டை போட்டிருக்கான். நீங்கதான்னு நீங்களே சொல்லிட்டா எனக்கு வேலை மிச்சம்," என்றார் தராசு.

"தேவையே இல்லாதப்போ நான் எதுக்கய்யா போடணும்? அந்தக் குழாய் தோக்கறதுக்கு ஓட்டை எதுக்கு?" ஸ்பானரால் காற்றில் கோடு போட்டார். "பகல் பூரா வெயில்ல காயற மாடி. அந்தச் சூட்டை மூடின குழாய் உள்ளேயே பிடிச்சு வச்சுக்கும். பொழுது சாஞ்சும் உள்ளே வெந்த காத்து மேலே எழும்பும். அடுப்புக்கு மேல பாத்தா எதிர்ச் சுவர் நெளியுமே, அந்த மாதிரி நட்சத்திரம் நெளியும். என் கூட்டுல சூடு நிக்க இடமே கிடையாது. இதைப் போன கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னேன். உங்க குழாய் டெலஸ்கோப் இல்லைம்மா, அடுப்புன்னு சொன்னேன். ஃபேன் வச்சு ஊதினாதான் அது தேறும்னு சொன்னேன்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"என் குழாய்ல ஒரு ஆணி கூட அதிகமா ஏறாதுன்னாங்க. பின்னாடி யாரோ சிரிச்சாங்க. அவங்க கண்ணு கலங்கிடுச்சு. ஆனா என் முன்னாடி அழலை." அந்தக் கடைசி வாக்கியத்தில் லேசாக மரியாதை இருந்தது.

சுவரில் வட்டமாக ஓட்டை போடுகிற ரம்பங்கள் வரிசையாகத் தொங்கின. தராசு பேப்பர் பிறையை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பெரிய ரம்பம்கூடப் பிறைக்குள் தொளதொளவென்று விழுந்தது.

"கம்பி நுழையற அளவுக்கு மேல எனக்கு ஓட்டை தேவைப்பட்டதில்லை," என்றார் பாலத்துக்காரர். "நான் தோத்தா நேரா நின்னு தோப்பேன். ஜெயிச்சாலும் அப்படித்தான். போயிட்டு வாங்க."

தராசு வாசல் வரை போனார். ரிட்டயர்டு ஆள், பேச்சு நேராக இருக்கிறது, கண் நேராக இருக்கிறது. இப்படிப்பட்ட கடைக்காரனிடம்தான் தட்டுக்கு அடியில் மெழுகு இருக்கும். ஆனாலும் ரம்பம் பொருந்தவில்லை.

"ஒரு நிமிஷம்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பாலத்துக்காரர் ஸ்பானரைக் கீழே வைத்திருந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தாடையைத் தடவினார். "அந்த முதல் ராத்திரி. எனக்குப் புரியாத ஒரு விஷயம் இருக்கு. இருட்டின உடனேயே அவங்க குழாய்ல படம் ஆடாம நின்னுச்சு. நானே கண்ணை வச்சுப் பாத்தேன். நின்னிருக்கக் கூடாது. ரெண்டு மணி நேரமாவது நெளிஞ்சிருக்கணும். எப்படி நின்னுச்சுன்னு அன்னிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை."

"இதை ஏன் கூட்டத்துல சொல்லலை?"

"குழாய்தான் விழுந்துடுச்சே. விழுந்ததைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொன்னா, இரங்கல் கூட்டம் மாதிரி ஆயிடும்."

*

தெருவில் டீக்கடையைக் கண்டதும் மைத்துனனின் கால் தானாகத் திரும்பியது.

"கெடுக்க வந்தவன் ஏன் நல்லது பண்ணினான்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார் தராசு.

"யாரு அத்தான்?"

"ஓட்டை போட்டவன். ஓட்டை போட்ட ராத்திரிதான் படம் நிலையா நின்னுச்சு. சூட்டை எதுவோ வெளியே தள்ளியிருக்கு. பகையாளி போட்ட ஓட்டை இல்லை இது. வேண்டியவன் போட்டது."

"வேண்டியவங்க பண்ற மாதிரி பகையாளியால பண்ண முடியுமா? எங்கக்கா உங்களைக் கட்டிக்கிட்டது கூட..." மைத்துனன் பாதியில் நிறுத்தி, டீயை வாங்கி, தராசு பெஞ்சில் வைத்த பேப்பர் பிறையின் மேலேயே கிளாஸை வைத்தான்.

"எடுடா! சாட்சியம் அது!"

"கறை படியக் கூடாதேன்னுதான். ஆனா பாருங்க, இங்க கிளாஸ் ஆடாம நிக்குது. காலைல அந்த வீட்டுல மட்டும் என் கிளாஸ் ஏன் ஆடிச்சு? உங்களுது ஆடலை."

தராசு பிறையைப் பார்த்தார். கிளாஸைப் பார்த்தார்.

"ஏன் ஆடிச்சு?" என்று அவரே கேட்டார். இந்தத் தடவை கேள்வி வேறு மாதிரி இருந்தது.

"அந்தக் கறுப்பு அட்டை நேரா இல்லை அத்தான். கொஞ்சம் வளைஞ்..."

மைத்துனன் வாயை மூடினான். அவன் பிறந்ததிலிருந்து யாரும் சொல்லாமல் மூடியது அதுதான் முதல் தடவை.

இருவரும் டீயைக் குடிக்காமலே ஓடினார்கள்.

*

வட்ட அட்டை மேசை மேலேயே கிடந்தது. மாமியார் அதன் மேல் மிளகுத்தூள் டப்பாவை வைத்திருந்தாள். தராசு டப்பாவை எடுத்துவிட்டு அட்டையைத் திருப்பினார். மேல் பக்கம் பளபளக்காத கறுப்பு. அடிப் பக்கம் கண்ணாடி மாதிரி வார்னிஷ். பேப்பர் பிறையை விளிம்பில் வைத்தார். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது.

பெயிண்டரம்மா அதைக் கையில் வாங்கினாள். தான் பூசிய பூச்சு அவளுக்குத் தெரியாதா? வளைவைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள்.

"அத்தை. இது ஏது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் மாமியார். "உன் புருஷன் திருகாணி டப்பாவுல கிடந்துச்சு. வட்டமா அழகா இருக்கே, டீக்கு அடியில வைக்கலாம்னு எடுத்தேன். என்னடி, அதுக்கும் போலீஸா?"

மூலையில் திருப்புளி விழுந்தது.

"ஏங்க."

ரிப்பேர்காரர் எழுந்து நின்றார். ஓடுவதற்கு இடமில்லை. ஓடுகிற ஆளுமில்லை.

"போன கூட்டத்துல அவர் உன்னை அடுப்புன்னு சொன்னப்போ நான் பின்னாடிதான் உக்காந்திருந்தேன்," என்றார். "நீ வீட்டுக்கு வந்து குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சே. ஃபேன் வைக்கலாமான்னு கேட்டா ஒரு ஆணி கூட ஏறக் கூடாதும்பே. அதான்... பழைய கம்ப்யூட்டர்ல இருந்து சத்தம் வராத ஃபேன் ஒண்ணை எடுத்தேன். நீ பலகை எழுதப் போயிருந்தப்போ கத்தியால வெட்டி, மாடிச் சுவர்ப் பக்கமா உள்ளே வச்சேன். நீங்க எல்லாரும் மேல் முனையில கண்ணை வச்சுக்கிட்டு நிப்பீங்க. கண்ணு கூசக் கூடாதுன்னு கையில இருக்கறதும் மங்கலான சிவப்பு லைட்டு. அடியை எவன் பாக்கப் போறான்?"

"படம் நின்னுச்சு," என்றாள் பெயிண்டரம்மா. அட்டையை மேசையில் வைத்தாள். "என் குழாயால நின்னுச்சுன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டேன்."

"நீ சொன்னப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. காலையில விழுந்து கிடக்கவும் முதல் ஆளா ஓடிப் போய் ஃபேனைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டேன். அப்புறம் சொல்லலாம் சொல்லலாம்னு... நீ பாலத்துக்காரர்தான்னு கத்த ஆரம்பிச்சுட்டே. அப்புறம் எங்க சொல்றது?"

"வெட்டின ஓரத்துக்கு ஒரு கை வார்னிஷ் அடிச்சிருந்தா என்ன?" இப்போது குரல் ஏறிவிட்டது. "வீட்டுல டப்பா டப்பாவா இருக்கே!"

"வார்னிஷ் பளபளக்குமே. உள்ளே ஒரு பொட்டு பளபளப்பு இருந்தாலும் நட்சத்திர வெளிச்சம் கெட்டுப் போகும்னு நீதானே படிச்சுப் படிச்சுச் சொல்வே. அதான் பளபளக்காத கறுப்புப் பூசினேன்."

"எந்தக் கறுப்பு?"

"ஷெல்ஃபுல இருந்துச்சே. தண்ணியில கரைக்கிறது."

பெயிண்டரம்மா ஷெல்ஃபைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணியில கரையறதைப் பூசிட்டுத் தண்ணியிலயே நிக்க வச்சீங்களா?"

மைத்துனன் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தராசு அவன் காலை மிதித்தார். பிறகு ரிப்பேர்காரரைக் கேட்டார்: "வெட்டின துண்டை ஏன்யா தூக்கிப் போடலை? போட்டிருந்தா உன்னை எவனும் பிடிச்சிருக்க முடியாது."

"ஒன்பது தடவை பூசினதுங்க," என்றார் அவர். "பாத்துக்கிட்டு இருந்தேனே. தூக்கிப் போட மனசு வரலை."

தராசு எத்தனையோ திருடர்களின் காரணங்களைக் கேட்டிருக்கிறார். ஒன்றைக்கூட நம்பியதில்லை. இதை நம்பாமல் இருக்க வழி தேடினார். கிடைக்கவில்லை. எரிச்சலாக இருந்தது.

"இப்ப ரெண்டு வழி இருக்கு," என்றார் பெயிண்டரம்மாவிடம். "நான் வாயைத் திறக்கலைன்னா எவனோ கெடுத்தான்னே இருக்கும். அந்த ஓட்டையைக் காட்டினாலே போதும், கூட்டம் உன் பக்கம் சாயும். உன் வீட்டு மானம் போகாது."

"பாலத்துக்காரர் மானம்?"

"அது போகும்."

"அப்ப அது வழி இல்லை." முந்தானையை இழுத்துச் செருகினாள். "அத்தை, அந்த ரம்பத்தை எடுங்க. ஏங்க, பின்னாடி மளிகைக் கடைப் பலகைக்கு வாங்கி வச்ச ப்ளைவுட்டை எடுத்துட்டு வாங்க. அந்த ஃபேனையும்."

*

பொழுது சாய்கிற நேரம். மாடியில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஏரிப் பக்கத்திலிருந்து ஈரக் காற்று கிளம்பிவிட்டது. கைப்பிடிச் சுவரைத் தொட்டால் விரல் நனைந்தது.

ஒரு பக்கம் கம்பிக் கூடு. மறுபக்கம் பெயிண்டரம்மாவின் குழாய். ஆனால் அது பழைய குழாய் இல்லை. ஊறிய அடிப்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, அந்த நீளத்துக்கு ப்ளைவுட் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தாள். அதற்குள் சில்லு போன கண்ணாடி. பெட்டியின் அடிப்பலகையில், கண்ணாடிக்குப் பின்னால், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஃபேன். வெட்டின ஒவ்வொரு ஓரத்திலும் வார்னிஷ் வாடை.

"வேட்டி மேல கோட்டுப் போட்ட மாதிரி இருக்கு," என்றான் மைத்துனன்.

"ஒழுங்கா நிக்குதா இல்லையா?"

"ஜம்முனு நிக்குது அக்கா."

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "எல்லாரும் வந்தாச்சு. அம்மா, நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டீங்கன்னா மேற்கொண்டு பாக்கலாம். வலிக்காது. ஒரு நிமிஷம்தான்."

"எல்லார் பல்லைப் பிடுங்கறப்பவும் இதைத்தான் சொல்றார்," என்று முணுமுணுத்தான் மைத்துனன்.

பெயிண்டரம்மா எழுந்தாள். கையில் அந்த வட்ட அட்டை.

"குழாய்ல ஓட்டை இருந்துச்சு. அது வழியா ஈரம் ஏறி விழுந்துச்சு. ஓட்டையைப் போட்டது என் வீட்டுக்காரர். எனக்கு நல்லது பண்றேன்னு எனக்குத் தெரியாம பண்ணினார். பண்ண விடாம வீம்பு பிடிச்சது நான்." பாலத்துக்காரர் பக்கம் திரும்பினாள். "ஃபேன் வேணும்னு நீங்க சொன்னது சரி. உங்க மேல பழி சொன்னேன், அது தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன். அந்த ஓட்டைக்கும் கேக்கறேன்."

பல் டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். "ரொம்பப் பெருந்தன்மை. அப்ப குழாய் வேண்டாம்னு..."

"குழாய்க்கு யார் கேட்டா?" அவள் குரல் ஏரியைத் தாண்டிப் போனது. "ஓட்டைக்குக் கேட்டேன். குழாய்க்குக் கேக்க மாட்டேன். இன்னிக்கும் மாட்டேன், என்னிக்கும் மாட்டேன். ரெண்டும் இங்கயே நிக்குது. பனி கொட்டுது. யாரும் பேச வேண்டாம். உக்காந்து பாப்போம். என்னுது முதல்ல நனைஞ்சா, கண்ணாடியை நானே கழட்டி அவர் கையில குடுத்துட்டு இந்த மாடியை விட்டு இறங்கிடறேன்."

பல் டாக்டர் பாலத்துக்காரரைப் பார்த்தார். பாலத்துக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்தார். "நியாயம். வைங்க."

வெளிச்சம் வடிந்தது. சிவப்பு விளக்குகள் மங்கலாக எரிந்தன. கம்பிக் கூட்டின் உச்சி வளையத்தில் இருக்கிற சின்னக் கண்ணாடியில் முதலில் லேசான புகை படர்ந்தது. பாலத்துக்காரர் துணியால் ஒற்றினார். மறுபடி படர்ந்தது. கூட்டைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டினார். கொஞ்ச நேரத்தில் துணியே ஈரம் சொட்ட ஆரம்பித்தது. யாரோ கொடுத்த ஹேர் டிரையரால் ஊதினார். கண்ணாடி தெளிந்தது. நிறுத்தினார். பழையபடி மூடிக்கொண்டது.

"என்ன அத்தான், நட்சத்திரம் பாக்கறதுக்கு முன்னாடி தலை துவட்டி விடணும் போலிருக்கே."

இந்தத் தடவை தராசு அவன் காலை மிதிக்கவில்லை. எழுந்து போய்க் குழாயைச் சுற்றி வந்தார். வெளிப்புறம் மழையில் நின்ற மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. வேறு எங்காவது எவனாவது ஓட்டை போட்டிருப்பானோ என்று உள்ளங்கையால் அடியிலிருந்து மேல்வரை தடவினார். பிறகு மேல் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டு, உள்சுவரைத் தொட்டுவிட்டு எடுத்தார். விளக்கில் காட்டினார்.

கை காய்ந்திருந்தது.

பாலத்துக்காரர் ஹேர் டிரையரை அணைத்தார். நேராக நடந்து வந்து குழாயில் கண்ணை வைத்தார். வெகு நேரம் எடுக்கவில்லை.

"நிக்குது," என்றார். "சனியும் நிக்குது, வளையமும் நிக்குது." நிமிர்ந்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன். காஞ்ச ஊர்ல வச்சா என் கூடுதான் ஜெயிக்கும்."

"அப்ப இந்த ஏரியைத் தூர்த்துட்டு வாங்க," என்றாள் பெயிண்டரம்மா.

அவர் சிரித்துவிட்டார். மாடியே சிரித்தது. பல் டாக்டர் எதையோ அறிவிக்க எழுந்து, யாரும் கேட்கிற மாதிரி தெரியாததால், அவரும் வரிசையில் போய் நின்றுகொண்டார்.

மாமியார் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினாள். ரிப்பேர்காரர் கடைசி நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பெயிண்டரம்மா ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு போனாள். அவர் பக்கத்து ஸ்டூலில் வட்ட அட்டையை, கறுப்புப் பக்கம் மேலே வரும்படி வைத்து, அதன் மேல் கிளாஸை வைத்தாள். கிளாஸ் ஆடியது.

"இனிமே உங்களுக்கு டீ இதுலதான். ஆயுசு பூரா."

"ஆடுதே," என்றார் ரிப்பேர்காரர்.

"ஆடட்டும். பிடிச்சுக்கிட்டுக் குடிங்க."

அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.